கையில் காப்பீடு இல்லை, வீட்டில் ஆபரேஷன்: கார்டா, நகையா, நிலமா?

மனைவிக்கோ கணவருக்கோ பெரிய ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பணத்துக்கு எங்கே போவது? தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் இதற்குப் பதில் முன்கூட்டியே தயாராக இருக்கும். முதலில் பீரோவில் இருக்கும் நகை. போதாவிட்டால் தெரிந்தவரிடம் வட்டிக்கு. அதுவும் பற்றாவிட்டால் வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் இரண்டு மா நிலம். ஆனால் பணத்தைத் தேடி ஓடுவதற்கு முன் டாக்டரிடமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "எத்தனை நாள் பொறுக்கலாம்?"

எவ்வளவு செலவாகும் என்பதே பெரும்பாலும் அந்தப் பதிலைப் பொறுத்துத்தான். குடல் முறுக்கிக்கொண்டது, மூளையில் ரத்தக் கசிவு, மாரடைப்பு என்றால் மணிக்கணக்குதான். அங்கே ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை, வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். (சாலை விபத்து என்றால் மட்டும் ஒன்றை மனதில் வையுங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும், குறிப்பிட்ட தொகை வரை இலவசம். அதற்கு வருமானம் பார்ப்பதில்லை.) இதய வால்வு மாற்றுவது, நிலைமை சீராக இருப்பவருக்கு பைபாஸ், முதுகுத்தண்டு ஆபரேஷன் ஆகியவை வாரக்கணக்கில் வரும். முழங்கால் மூட்டு மாற்று, கர்ப்பப்பைக் கட்டி, வலி தராத பித்தப்பைக் கல் போன்றவற்றுக்கு பெரும்பாலும் மாதக்கணக்கில் நேரம் இருக்கும். புற்றுநோயை மட்டும் இந்த மாதக்கணக்கில் சேர்க்காதீர்கள்.

"அடுத்த வாரமே பண்ணிடலாம், அட்வான்ஸ் கட்டிடுங்க" என்று கவுன்ட்டரில் இருப்பவர் சொல்வது வேறு, "ரெண்டு மாசத்துக்கு மேல தள்ளாதீங்க" என்று டாக்டர் சொல்வது வேறு. முன்னதை மட்டும் கேட்டுவிட்டு வருபவர்களே அதிகம். டாக்டர் தரும் நாள் பதினைந்து என்றாலும் அந்தப் பதினைந்து நாளில் லட்சங்களைக் குறைக்க முடியும்.

அடுத்து, காப்பீடு இல்லை என்பது உண்மைதானா என்று பாருங்கள். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ சென்னை ஜவுளிக்கடையிலோ மகன் வேலை பார்ப்பான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால், அந்தப் பாதுகாப்பு அவனுக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் அவனையே நம்பியிருக்கும் பெற்றோருக்கும் உண்டு. பெரிய சிகிச்சைக்கு, எத்தனை மாதம் சந்தா கட்டியிருக்கிறான் என்பது போன்ற நிபந்தனைகள் வரும். மகளோ மகனோ ஐ.டி. கம்பெனியில் இருந்தால், கம்பெனி எடுத்திருக்கும் குழுக் காப்பீட்டில் பெற்றோர் பெயரும் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேட்கலாம். சேர்க்கச் சொல்லி வந்த மின்னஞ்சலைப் படித்த ஞாபகமே இல்லாத பிள்ளைகள் உண்டு. கணவரின் ஓய்வூதியத்தில் மருத்துவக் காப்பீட்டுக்கு என்று மாதாமாதம் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் இல்லாதவர்களுக்குத்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012-ல் இப்போதைய பெயருக்கு வந்தது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். முன்பு இது 72,000 ஆக இருந்தது. அப்போது "உங்களுக்குக் கிடையாது" என்று திருப்பி அனுப்பப்பட்ட பலர் இன்னும் அதே நினைப்பில் இருக்கிறார்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

சிக்கல் வருவது வேறொரு இடத்தில். கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் மனைவியின் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே கிடக்கும். அல்லது அண்ணன் தம்பி பாகம் பிரிந்தாலும் கார்டு பிரியாமல் இருக்கும். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு இதைச் சரிசெய்ய ஓடுவது பெரிய அலைச்சல். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேஜையாகப் போக வேண்டும். இடையில் ஒருவர் விடுப்பில் போனால் அங்கேயே நின்றுவிடும். டாக்டர் சொன்ன அன்று மாலையே விண்ணப்பித்துவிடுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

காப்பீட்டுக் கார்டு கைக்கு வந்தால் ஆபரேஷனை எங்கே செய்துகொள்வது என்பதில் மூன்று வழி இருக்கிறது: அரசு ஆஸ்பத்திரி, கார்டை ஏற்கும் தனியார் ஆஸ்பத்திரி, கைப்பணம் கட்டித் தனியார்.

அரசு என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காவிரி டெல்டாவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு வசதி குறைவானதல்ல. தஞ்சை மருத்துவக் கல்லூரி 1959-லிருந்து இயங்குகிறது, உயர்சிறப்புச் சிகிச்சைக்கென்று தனிக் கட்டடமும் வந்துவிட்டது. திருவாரூரிலும் நாகையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை. காரைக்கால், நாகைப் பக்கத்து ஆட்களுக்குப் புதுச்சேரி ஜிப்மர் ஒன்றும் தூரமில்லை. இன்னும் சிக்கலானது என்றால் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இதய ஆபரேஷன் என்றால் புட்டபர்த்தியிலும், இதயம், மூளை இரண்டுக்கும் பெங்களூர் ஒயிட்ஃபீல்டிலும் இருக்கும் சத்ய சாய் மருத்துவமனைகளில் பணமே வாங்குவதில்லை, காத்திருக்கும் பொறுமை மட்டும் வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் செலவே இல்லை என்று சொல்லமாட்டேன். அங்கே பணத்துக்குப் பதிலாக நாள் போகும். புறநோயாளிப் பிரிவு வரிசை, எக்கோவுக்கு ஒரு நாள், மயக்க மருந்து டாக்டரின் ஒப்புதலுக்கு ஒரு நாள், அப்புறம் ஆபரேஷன் பட்டியலில் பெயர் வருவதற்கு ஒரு காத்திருப்பு. கூட இருப்பவர் அத்தனை நாளும் கூலி வேலையை விட வேண்டும். ரத்தம் கொடுக்க ஊரிலிருந்து இரண்டு மூன்று பேரை வேன் வைத்துக் கூட்டி வர வேண்டியிருக்கும். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், வார்டில் துணி மாற்றுபவர் எதிர்பார்க்கும் ஐம்பது, நூறு. எல்லாம் சேர்த்தாலும் சில ஆயிரங்களில் முடியும். லட்சத்துக்கும் ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. நாள் இருப்பவர் இதை வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும். "சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க" என்பது அந்தக் காரணம் அல்ல.

கார்டை ஏற்கும் தனியார் ஆஸ்பத்திரி நடுவழி. பார்க்க நல்ல வழியாகத்தான் தெரியும், நிறையப் பேருக்கு அப்படியே அமைந்தும் விடுகிறது. ஆனால் ஒரு ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்பதால் எல்லாப் பிரிவுக்கும் கார்டு செல்லும் என்று அர்த்தமில்லை. எலும்புக்குச் சேர்ந்திருப்பார்கள், இதயத்துக்குச் சேர்ந்திருக்கமாட்டார்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரி, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். பணம் கட்டி முடித்துவிட்டு, பில்லைக் காட்டித் திரும்ப வாங்க இதில் வழி கிடையாது. "கார்டு அப்ரூவல் வர லேட்டாகும், இப்ப கட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் அந்தப் பணம் போனது போனதுதான். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் திட்டத்தில் ஒரு தொகை நிர்ணயித்திருக்கிறார்கள். அதற்கு மேல் "நல்ல கம்பெனி வால்வு", "இம்போர்ட்டட் பிளேட்" என்று தனியாகக் கேட்பதுண்டு. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், கார்டில் இலவசம் என்று நம்பி அட்மிட் ஆன பிறகு, ஆபரேஷனுக்கு முந்தின இரவு ஒரு துண்டுச் சீட்டில் தொகை எழுதிக் கொடுத்தார்கள். ரசீதும் கிடையாது. அப்படி நடந்தால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே திட்டத்துக்கென்று உட்கார்ந்திருக்கும் அலுவலரிடமோ, மேலே சொன்ன எண்ணிலோ சொல்லலாம். அந்த இரவில் எத்தனை பேருக்கு அந்தத் தெம்பு இருக்கும் என்பது வேறு விஷயம்.

மூன்றாவது வழி, கைப்பணம். கார்டு கிடைக்காதவர்கள், வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டியவர்கள், நாள் இல்லாதவர்கள் இங்கே வந்து சேர்கிறார்கள். கும்பகோணத்தில் சின்ன பாத்திரக்கடை வைத்திருப்பவருக்கும் அஞ்சு ஏக்கர் சொந்த நிலக்காரருக்கும் இதே கதிதான். ஏழை என்று சொல்ல முடியாது, மூன்று லட்சத்தை எடுத்து வைக்கவும் முடியாது. இவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை கடன் வாங்குவது இல்லை, பில்லைக் குறைப்பது. மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜா, ஆக ஆகப் போடும் பில்லா என்று கேளுங்கள். தனி அறை எடுத்தால் அறை வாடகை மட்டும் கூடும் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் சார்ஜ் எல்லாமே அறையின் தரத்தோடு சேர்ந்து ஏறும். பொது வார்டுக்கு மாறினால் அதே ஆபரேஷன், அதே டாக்டர், பில் வேறு. இதய ரத்தக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் 2017-ல் மத்திய அரசு உச்ச விலை நிர்ணயித்தது. அந்த ஆண்டு மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதாரண வகை முழங்கால் மூட்டு 54,720 ரூபாய் என்று வந்தது. பிறகு அவ்வப்போது மாறுகிறது. ஆகவே பில்லில் அந்த இரண்டையும் தனி வரியாகப் போட்டுத் தரச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சரி, எல்லாம் பார்த்தும் மூன்று லட்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எங்கே வாங்குவது?

டெல்டாவில் இந்தக் கேள்விக்குத் தனி முகம் உண்டு. இங்கே பணம் மாதாமாதம் வருவதில்லை. குறுவை அறுத்தால் புரட்டாசி, ஐப்பசியில் கொஞ்சம், சம்பா அறுத்தால் தை, மாசியில் கொஞ்சம். நடுவில் வருவதெல்லாம் செலவுதான். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்களா, தண்ணீர் கடைமடைக்கு எப்போது வரும் என்பதில் இருந்தே கணக்கு தொடங்குகிறது. ஆகவே வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு கடனைத் தேர்ந்தெடுக்க முடியாது. எந்த மாதத்தில் திருப்பிக் கேட்பார்கள் என்பதும் சேர்ந்ததுதான் விலை.

வங்கித் தனிநபர் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம், 14 சதவீத வட்டி, மூன்று வருடம் என்றால் மாதம் சுமார் 10,250 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் ஏறத்தாழ 69,000. ஆசிரியருக்கோ மின்வாரிய ஊழியருக்கோ இது ஒத்துவரும். விவசாயிக்கு ஆனியிலும் ஆடியிலும் அந்தப் பத்தாயிரத்துக்கு மறுபடி கைமாற்று வாங்க வேண்டியதாகிவிடும். சம்பளக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி பி.எஃப். பணத்தில் நோய்க்கென்று எடுப்பது. மனைவியின் சிகிச்சைக்கும் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. எல்.ஐ.சி. பாலிசி பழையதாக இருந்தால் அதன் மேலும் கடன் கிடைக்கும்.

நிலத்தை நம்பி வாழ்பவருக்குப் பொருந்துவது நகைக்கடன்தான். ஊரில் எல்லோரும் செய்வதை நானும் சொல்கிறேன் என்று தோன்றலாம். ஆனால் எந்த நகைக்கடன் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 9 சதவீதம் என்று கொண்டால், மூன்று லட்சத்துக்கு வருட வட்டி 27,000. கடைவீதியில் இரண்டு வட்டிக்கு, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கு, வைத்தால் 72,000. மூன்று வட்டி என்றால் 1,08,000. அடகுக் கடையில் நகை வைப்பதற்குப் பத்து நிமிடம், வங்கியில் அரை நாள். அந்த அரை நாளுக்குக் கிடைக்கும் கூலி 45,000 ரூபாய். வருடக் கடைசியில் மொத்தமாக அசலும் வட்டியும் கட்டும் வகை ஒன்று உண்டு, அதற்குக் கெடு அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். சம்பாவை எதிர்பார்த்து இருப்பவருக்கு இது சட்டை தைத்தாற்போல் பொருந்தும். எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு, ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் அறிவித்த விதிப்படி, 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம், 5 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. 2026 ஏப்ரலிலிருந்து இது நடைமுறை. மொத்தமாகக் கட்டும் வகையில் வரப்போகும் வட்டியையும் சேர்த்தே இந்த வரம்பைப் பார்ப்பார்கள், ஆகவே கைக்கு வருவது கொஞ்சம் குறையும்.

கூட்டுறவுச் சங்கத்தில் நகை மதிப்பிடுபவர் முன்னால் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தால் வீட்டுக் கணக்குக்கும் அங்கே நடப்பதற்கும் உள்ள தூரம் தெரியும். நெக்லஸை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துச் சொட்டு மருந்து விடுவார். கல் எடை கழியும். அரக்கு அடைத்த குண்டுகளுக்கு இன்னும் கழியும். நம் வீட்டில் அஞ்சு பவுன் என்று சொல்லிக்கொண்டிருந்த ஆரம் அவர் நோட்டில் மூன்றரை ஆகிவிடும். கொடியை வைப்பதானால் தாலியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார். அதை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொண்டு, ஆபரேஷன் ஆக வேண்டிய அந்த அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் எண்ணியதில் கால் பங்கைக் கழித்துக்கொண்டு கணக்குப் போட்டால் அங்கே போய் விழிக்க வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கணவருக்கு ஆபரேஷன் என்றால் மனைவி நகையைக் கழற்ற ஒரு நொடி யோசிப்பதில்லை. மனைவிக்கு என்றால் வீடு யோசிக்கிறது, அவரே கூட. "என்னங்க, மாத்திரையிலயே ஓட்டிடலாம், பொண்ணு கல்யாணத்துக்கு வச்சது" என்பார். கொழுந்தனார் வந்து, "அண்ணி, வைத்தீஸ்வரன்கோயில்ல வேண்டிக்கிட்டு ஒரு ஆறு மாசம் பார்ப்போமே" என்பார். கர்ப்பப்பைக் கட்டியில் ரத்தம் போய்ப் போய் ஹீமோகுளோபின் இறங்கி, பிறகு அவசரம் என்று சேர்க்கும்போது மாதக்கணக்கில் இருந்த ஆபரேஷன் மணிக்கணக்காகிவிடுகிறது. செலவும் கூடுகிறது. நாள் இருக்கிறது என்பதை அலைந்து திரிந்து செலவைக் குறைக்கத்தான் பயன்படுத்த வேண்டும், தள்ளிப்போட அல்ல.

நகையை அடகு வைப்பதா, விற்பதா? விற்பது என்ற பேச்சே பல வீடுகளில் எழாது. எழ வேண்டும். செய்கூலி, சேதாரம் போனது நகை வாங்கிய அன்றே, இன்று விற்பதால் போவதில்லை. மறுபடி வாங்கும்போதுதான் அது இன்னொரு முறை போகும், 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேரும். கூலி, சேதாரம், வரி சேர்த்து 15 சதவீதம் என்று வையுங்கள். ஒரு வருடத்தில் மீட்டுவிடலாம் என்றால் அடகு மலிவு, 9 சதவீதத்தோடு முடியும். மூன்று வருடம் இழுக்கும் என்றால் அடகு வட்டி 27 சதவீதத்தைத் தாண்டும். இடையில் தங்கம் ஏறினால் அந்த லாபம் அடகு வைத்தவருக்கு உண்டுதான். ஆனால் வட்டி கட்ட முடியாமல் ஏலத்துக்குப் போனால் அந்த லாபத்தையும் சேர்த்து இழந்து நிற்பார். அறுவடை நிச்சயமாக இருப்பவர் அடகு வைக்கலாம். நிச்சயம் இல்லாதவர், உடைந்த வளையல், ஒற்றைத் தோடு, நாணயம் என்று போடாமல் கிடப்பதை விற்றுவிட்டு, மீதிக்கு மட்டும் அடகுக்குப் போகலாம்.

சிட்டா, அடங்கல் காட்டி விவசாய நகைக்கடன் வாங்கினால் வட்டி இன்னும் குறையலாம். கிசான் கிரெடிட் கார்டு வரம்பில் ஒரு பகுதி வீட்டுச் செலவுக்கென்றே வைத்திருக்கிறார்கள், பத்து சதவீதம். அதற்கு மேல் பயிர்க்கடன் முழுவதையும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பினால் ஆடியில் நாற்று விடவும் உரம் வாங்கவும் கையில் ஒன்றும் இருக்காது. அந்தப் போகம் விழுந்தால் கடனைக் கட்ட வேறு வருமானமும் இல்லை.

பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு மற்ற டெல்டாக்காரர்களுக்கு இல்லாத ஒரு வழி இருக்கிறது: மொய் விருந்து. ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, கறி விருந்து வைத்து, வாசலில் நோட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். இதுவரை நாம் போட்டதெல்லாம், அதற்கு மேலும் கொஞ்சம், ஒரே நாளில் திரும்பி வரும். இதற்கு வட்டி கிடையாது, ஆனால் கடன்தான். பெற்றதை அவரவர் விருந்தில் கூட்டித் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் பேச்சு. ஏற்கெனவே போட்டு வைத்திராதவர் திடீரென்று விருந்து வைத்தால் பந்தல் செலவுக்கே கட்டாது. ஆபரேஷன் ஆடிக்காகக் காத்திருக்காது என்பது இன்னொரு சிக்கல். என் கணக்கில் மொய் என்பது ஆபரேஷனுக்கான பணமில்லை, ஆபரேஷனுக்கு வைத்த நகையை மீட்பதற்கான பணம். மாசியில் நகையை வைத்து, ஆவணியில் மொய் வாங்கி மீட்பது சரியான வரிசை.

ஏலச்சீட்டு போட்டிருந்தால் தள்ளி, அதாவது ஒரு தொகையை விட்டுக்கொடுத்து, எடுக்கலாம். இருபது பேர், பத்தாயிரம் ரூபாய், இரண்டு லட்சச் சீட்டு என்றால், நாலாம் மாதத்தில் ஐம்பதாயிரம் தள்ளி எடுக்கவேண்டியிருக்கும். பதிவு பெற்ற நிறுவனமாக இருந்தால் எடுத்த பிறகு ஜாமீன் கேட்பார்கள், அதற்கு நாள் ஆகும். பக்கத்துத் தெருவில் நடத்தும் சீட்டில் ஜாமீன் இல்லை, பணம் வருமா என்ற உத்தரவாதமும் இல்லை. மகளிர் குழுக் கடன் சின்னத் தொகைக்கு உதவும். வாரத் தவணை நுண்கடன்களை ஆபரேஷனுக்காகவென்று இரண்டு மூன்று இடத்தில் சேர்த்து வாங்குவது வேண்டவே வேண்டாம். செவ்வாய்க்கு ஒருவர், வியாழனுக்கு ஒருவர் என்று வாசலில் நிற்பார்கள், உள்ளே தையல் பிரிக்காத நோயாளி படுத்திருப்பார். மீட்டர் வட்டியைப் பற்றிப் பேசவே தேவையில்லை. 2003-ல் தமிழ்நாட்டில் அதிக வட்டித் தடைச் சட்டம் வந்தும் அது ஒழிந்தபாடில்லை.

நிலத்துக்கு வருவோம். மடத்து நிலம், கோயில் நிலம் குத்தகைக்குச் செய்பவர்கள் டெல்டாவில் ஏராளம். அவர்களால் அதை விற்கவும் முடியாது, வங்கியில் வைக்கவும் முடியாது, ஆகவே அவர்களுக்கு இந்த வழியே அடைப்பு. கார்டும் அரசு ஆஸ்பத்திரியும்தான் அவர்கள் பிடிக்க வேண்டியது. சொந்த நிலம் உள்ளவருக்கும் அவசரத்தில் விற்பது நஷ்டம்தான். ஆஸ்பத்திரிச் செலவுக்கு விற்கிறார் என்று தெரிந்த நிமிடமே விலை இறங்கும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் தம்பி கையெழுத்து வேண்டும், வில்லங்கச் சான்று வேண்டும், பத்திரப் பதிவுக்கு நாள் வேண்டும். அதுவரை கை மாற்று வாங்கிய இடத்தில் வட்டி ஓடும். விற்பதைவிட ஒத்திக்கு விடுவது மேல். மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாங்கியவர் சாகுபடி செய்துகொள்வார், காசு கொடுத்தால் நிலம் திரும்பும். ஆனால் ஒத்தியை வெறும் பத்திரத் தாளில் எழுதிக்கொண்டு விட்டுவிடாதீர்கள், பதிவு செய்யுங்கள். இருக்கும் மாவெல்லாம் விடாமல், வீட்டுச் சோற்றுக்கு ஆகும் அளவு நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உதவித் தொகைகள் வேறு வகை. பிரதமர் தேசிய நிவாரண நிதியிலிருந்து இதய ஆபரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரு பகுதித் தொகை தருகிறார்கள். ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுக் கடிதம் வேண்டும், எம்.பி. பரிந்துரைக் கடிதம் இருந்தால் நல்லது. பணம் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், ஏற்கெனவே கட்டி முடித்த பில்லுக்குக் கிடையாது. ஆகவே அட்மிஷனுக்கு முன்பே அனுப்ப வேண்டும். இணையத்தில் நிதி திரட்டும் தளங்களைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குழந்தையின் படத்துக்குப் பணம் வரும், ஐம்பத்தைந்து வயதுக்காரரின் முதுகுத்தண்டுக்கு வெளியூர்க்காரர் யார் தருவார்? சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பத்துப் பேர் இருக்கும் தெருவாக இருந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போதும், தளமே வேண்டாம். சென்னைக்கோ வெளியூருக்கோ இதய ஆபரேஷனுக்குப் போகிறவர்களுக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் உழவன் எக்ஸ்பிரஸிலோ சோழன் எக்ஸ்பிரஸிலோ டிக்கெட் எடுக்கும்போது உதவும்.

கடன் தொகையைத் தீர்மானிக்கும்போது ஆஸ்பத்திரி பில்லோடு நிறுத்திவிட வேண்டாம். உதாரணத்துக்கு வால்வு. உலோக வால்வு நீண்ட காலம் உழைக்கும், ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை. திசு வால்வுக்கு அந்தத் தொல்லை குறைவு, பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி மாற்ற வேண்டி வரலாம். டாக்டர் வயதைப் பார்த்துச் சொல்வார். நீங்கள் உங்கள் ஊரிலிருந்து பரிசோதனைக் கூடம் எத்தனை பஸ் தூரம் என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரைகளுக்கு மக்கள் மருந்தகத்தில் பொதுப்பெயர் மருந்து கிடைக்கும், விலை நன்றாகவே குறைவு. ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்ற வேண்டாம். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதமாவது அவர் வயலில் இறங்கமாட்டார். அந்த ஆள் கூலியும் கடன் தொகைக்குள் இருக்கட்டும்.

கடன் பேசும்போது தவணை நாளை நீங்களே சொல்லுங்கள். தை பிறந்ததும் கட்டிவிடுகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். நெல் அறுத்து, கொள்முதல் நிலையத்தில் முறை வந்து, ஈரப்பதம் பார்த்து, மூட்டை எடைபோட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏற மாசியாகிவிடும். நடுவில் மழை பிடித்தால் மாசியும் முடிந்துவிடும். பங்குனி பதினைந்து என்று எழுதச் சொல்லுங்கள்.